மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

10 மே 2025, மாலை 6.10
கேட்டவர்: நாமக்கல் லாரி

வயது 46. சொந்த லாரி, நானேதான் ஓட்டுகிறேன். போன வாரம் டோல்கேட் பக்கத்தில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். போகிற போக்கில் பிரஷரும் பார்த்தார்கள். 168/104 என்று சீட்டில் எழுதிக் கொடுத்து உடனே டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். எனக்குத் தலைவலி கிடையாது, கிறுகிறுப்பு கிடையாது, விடிய விடிய வண்டி ஓட்டுவேன். மாத்திரையை ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் என் மச்சான். அப்படியென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

10 மே 2025, இரவு 9.45

மச்சான் சொல்வதைக் கடை வாசலில் தினமும் கேட்கிறேன். நான் டாக்டர் இல்லை. மணப்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எனக்கும் பிரஷர் உண்டு, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்குகிறேன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை யாரையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ரத்தக்குழாய்கள் இறுகுவதும், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளாமல் வைத்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் பிரஷருக்குக் காரணம். மாத்திரை போடும்வரை அது அடங்கியிருக்கும். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே போய்விடும். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது என்பதற்காகக் கண்ணாடிதான் கண்ணைக் கெடுத்தது என்போமா? எடையை நன்றாகக் குறைத்து, குடியை விட்டு, உப்பைக் குறைத்த சிலருக்கு டாக்டரே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதும் உண்டு. என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தவில் வித்வான் அப்படி நிறுத்தியவர்தான்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த 168 உண்மையிலேயே உங்கள் பிரஷர்தானா? வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நடந்து, டீ குடித்து, வரிசையில் நின்று, பக்கத்தில் நின்றவரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பீர்கள். அதில் வரும் எண்ணை வைத்து மாத்திரை ஆரம்பிக்கவும் முடியாது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தூக்கிப் போடவும் முடியாது. ஒரு மிஷின் வாங்கி ஒரு வாரம் நீங்களே பாருங்கள். காலையில் மாத்திரை, சாப்பாடு எதற்கும் முன்னால் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். ராத்திரியும் அதேபோல. முதல் நாள் வந்ததை விட்டுவிட்டு மீதியைக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஆஸ்பத்திரியில் அளந்தால் 140/90 கோடு என்றால், வீட்டில் அளப்பதற்கு 135/85 தான் கோடு.

10 மே 2025, இரவு 9.58

டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் அரை மணி நேரம் தள்ளி அளங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டும் அளக்கக் கூடாது. இது லாரிக்காரர்களுக்கு முக்கியம்.

11 மே 2025, காலை 7.20

'ஒரு வாரம் அளங்கள்' என்று ராத்திரி எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. 180/120ஐத் தாண்டி வந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் விளங்காமல் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108.

11 மே 2025, மதியம் 2.30

'தலைவலி கிடையாது' என்பதற்கு வருகிறேன். இந்த நோயின் வில்லத்தனமே அதுதான். கடையில் வாரத்துக்கு நான்கு பேராவது வந்து நிற்பார்கள்: "பின்கழுத்து இழுக்குது, பிரஷர் மாத்திரை ஒண்ணு குடுங்க." ஒன்று. அட்டை கூட இல்லை. பட்டையைக் கட்டிப் பார்த்தால் 126/80 இருக்கும். அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், காலில் முள் குத்தியதற்குக் களிம்பு வாங்க வந்தவர் சும்மா கையை நீட்டுவார், 190 காட்டும். அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஒருவர் கேட்டார்: "நேத்து மருமகளோட சண்டை, அதுக்கு அரை மாத்திரை போட்டா போதுமா?" சண்டைக்கு மாத்திரை இல்லை என்று அனுப்பினேன்.

இந்தியாவில் 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 21 சதவீதம் பேருக்குப் பிரஷர் இருக்கிறது, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் தலை வலித்தால் ஊரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

11 மே 2025, இரவு 10.15

ரூஸ்வெல்ட் கதையைச் சொல்லாமல் தூக்கம் வராது. அமெரிக்க ஜனாதிபதி. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய மருத்துவர் பார்த்தபோது 186/108. உலகப் போரின் நடுவில், உலகத்தின் பெரிய நாட்டை நடத்துகிற ஆளுக்கு. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தார்கள். பிரஷருக்கென்று உருப்படியான மாத்திரை அன்றைக்குக் கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்பக்கம் கடுமையாக வலிக்கிறது என்றார், அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அப்போது அளந்தது 300/190. வயது 63. அவருக்குத் தலைவலி வந்தது உண்மை, கடைசி நாளில். இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரை அந்த வெள்ளை மாளிகையில் இல்லை.

12 மே 2025, மாலை 5.00

'மூலிகைப் பிரியன்' கேட்டிருப்பது: இங்கிலீஷ் மருந்து எதற்கு, நம் நாட்டு மூலிகையிலேயே இதற்கு மருந்து இல்லையா?

இருந்தது ஐயா, உலகமே எடுத்துக்கொண்டது. சர்ப்பகந்தி வேர். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். வகீலுக்கு 1957ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. பிரஷருக்கு உலகம் முழுக்கப் பரவிய முதல் மாத்திரைகளில் ஒன்று நம் வேரிலிருந்து போனதுதான். அப்புறம் ஏன் காணோம் என்றால், அளவு கூடினால் மனச்சோர்வு, மூக்கடைப்பு, சோம்பல் எல்லாம் வந்தது, அதைவிட நல்லது வந்ததும் ஒதுங்கிவிட்டது. அந்த 'நல்லதில்' ஒன்று பிரேசில் விரியன் பாம்பின் விஷத்தைப் பார்த்து உருவாக்கியது. காப்டோப்ரில், 1981. இன்றைக்கு விற்கும் என்லாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள். ஆக மூலிகையா இங்கிலீஷா என்ற சண்டை எனக்குப் புரிவதில்லை. எந்த அளவு, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், என்ன பின்விளைவு என்பதைத்தான் நான் கேட்பேன்.

நாட்டு மருந்துக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அதிமதுரம். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று மாதக் கணக்கில் மெல்லாதீர்கள். அதிலுள்ள சத்து சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும், பொட்டாசியத்தைக் கீழே இறக்கும், பிரஷரை ஏற்றும். இரண்டு நாள் இருமலுக்குப் போட்டதைச் சொல்லவில்லை.

13 மே 2025, காலை 6.40

'கும்பகோணம் மாமி' எழுதியிருக்கிறார்: "நாங்கள் இந்துப்புக்கு மாறிவிட்டோம், அதனால் உப்புக் கவலை இல்லை."

மாமி, இந்துப்பும் உப்புதான். கல் உப்பும் உப்புதான். நிறமும் விலையும்தான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே அதே சோடியம் குளோரைடு. போதாக்குறைக்கு அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அதையும் இழக்கிறீர்கள்.

உப்பை எப்படி அளப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சமையலில் சிட்டிகை சிட்டிகையாக எண்ண முடியாது. பாக்கெட்டைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீடு என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டே பேர், பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்துகொண்டிருந்தது. காய் கழுவ, மீன் அலச என்று கொஞ்சம் போனது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. என் வீட்டம்மா ஒரே ஒரு காரியம் செய்தாள், பாக்கெட் பிரித்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேலேயே எழுதினாள். அதற்கப்புறம் இட்லி மாவில் ஒரு கை, சாம்பாரில் ஒரு கை, கடைசியில் 'கொஞ்சம் குறையுதோ' என்று மறுபடி ஒரு சிட்டிகை என்பதெல்லாம் தானாகக் குறைந்தது.

பாக்கெட் கணக்கில் வராத உப்பு வேறு இருக்கிறது: ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர், பரோட்டா சால்னா. நாமக்கல் தம்பி, உங்கள் உப்பில் பாதி ஹைவே ஓட்டல் சால்னாவில் இருக்கும்.

13 மே 2025, காலை 6.55

மாமி கோபித்துக்கொள்ள வேண்டாம். மாவடுவை விடச் சொல்லவில்லை. தினமும் மூன்று என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

13 மே 2025, இரவு 8.30

பொட்டாசியம் கலந்த உப்பு பற்றி 'ஷார்ஜா தம்பி' கேட்டது நல்ல கேள்வி. சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21 ஆயிரம் பேரை வைத்து, ஐந்து வருஷம் போலப் பார்த்தார்கள். பாதி கிராமங்களுக்குச் சாதாரண உப்பு, மீதிக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021ல் முடிவு வந்தது. கலந்த உப்பு சாப்பிட்ட ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. மாத்திரை இல்லை, டாக்டர் இல்லை, அஞ்சறைப் பெட்டியில் ஒரு மாற்றம். உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இதற்குப் பரிந்துரை கொடுத்திருக்கிறது.

ஆனால் இந்த உப்பை எல்லோர் வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்டன், என்லாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீருக்கும் அவர்களுக்கு அதே கட்டுப்பாடுதான். வீட்டில் ஒருவருக்குக் கிட்னி பிரச்சினை இருந்தால் ஒரே உப்பு டப்பா எல்லோருக்கும் ஆகாது. நம் வீடுகளில் இதுதான் நடைமுறைச் சிக்கல்.

17 மே 2025, மதியம் 1.10

இன்றைக்கு உலக ரத்த அழுத்த நாள். எங்கள் தெருவிலும் ஷாமியானா. வேடிக்கை பார்க்கப் போனேன். சட்டைக் கையின் மேலேயே பட்டை, கை தொங்கிக்கொண்டிருக்கிறது, அளக்கிற பெண்ணிடம் அந்தப் பெரியவர் பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். எப்படி சரியாக வரும்?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2024ல் இதையே ஆராய்ந்தார்கள். கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்ததற்கும், மடியில் வைத்து அளந்ததற்கும் மேல் அளவில் 4 வித்தியாசம். தொங்கவிட்டால் 6.5. பட்டையின் அளவு அதைவிட மோசம். கை பருமனுக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் ஏறித்தான் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிற ஆளுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் 20 வரைகூட ஏறும். அதாவது 128 இருப்பவர் 148 என்று எழுதப்பட்டு, ஆயுசுக்கும் மாத்திரைக்காரர் ஆகிவிடுவார். மச்சானின் பயம் இந்த இடத்தில் நியாயமானது.

முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். கடையில் பெட்டியோடு வருகிற பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். ஸ்டியரிங் பிடித்த கை 35, 36 இருக்கும். பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுகிற மிஷின் வேண்டாம், விற்பவனே சொல்கிறேன்.

17 மே 2025, மதியம் 1.25

உட்காரும் விதம் கேட்டிருக்கிறார்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது, கை மேஜை மேல், ஐந்து நிமிடம் சும்மா. வாய் மூடியிருக்க வேண்டும், போனும்தான். லாரியில் அளப்பதென்றால் என்ஜினை அணைத்துவிட்டு.

19 மே 2025, மாலை 7.50

நாமக்கல் தம்பி கணக்கு போட்டிருக்கிறார். நான் சொல்வதற்கு முன்பே பெரிய பட்டையாக வாங்கி, ஒரு வாரம் அளந்து, சராசரி 151/97. முகாமில் காட்டியதைவிட நன்றாகக் குறைவு, ஆனால் கோட்டுக்கு மேலேதான். தம்பி, பிரஷர் இருக்கிறது. டாக்டரிடம் இந்தத் தாளையே கொண்டுபோங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈசிஜி எழுதுவார். எழுதாவிட்டால் கேளுங்கள்.

இரண்டு விஷயத்தை அவர் கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, முதுகுவலிக்குப் போடும் மாத்திரை. லாரி ஓட்டுநர்கள் கடையில் நின்று டைக்ளோஃபினாக் அட்டை அட்டையாக வாங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் கேட்டால் கொடுக்க மாட்டேன், திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்தும் இதே கேஸ்தான்.

இரண்டாவது, குறட்டை. கிளீனர் பையனைக் கேளுங்கள், அவன்தான் சாட்சி. குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலில் கண் சொக்குகிறதென்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் அடங்காமல் இருக்க அது ஒரு காரணம். ஸ்டியரிங்கில் தூங்கிப்போவதற்கும் அதே காரணம்தான்.

20 மே 2025, இரவு 9.00

'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' சார் சண்டைக்கு வந்திருக்கிறார். 140 என்கிறாய், அமெரிக்காக்காரன் 2017லேயே 130 என்று இறக்கிவிட்டானே, மருந்துக் கம்பெனிகளின் சதிதானே என்கிறார்.

சதி என்று தள்ளிவிட முடியவில்லை சார். ஸ்பிரிண்ட் என்ற ஆய்வு 2015ல் வந்தது. அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்தது. 9,361 பேர். பாதிப் பேருக்கு மேல் அளவை 140க்குக் கீழே வைத்தார்கள், மீதிப் பேருக்கு 120க்குக் கீழே. கீழே இறக்கியவர்களுக்கு இதயப் பிரச்சினைகளும் பக்கவாதமும் சேர்ந்து 25 சதவீதம் குறைவு, இறப்பும் குறைவு. கூடவே மயக்கம், சிறுநீரகக் கோளாறு, உப்புச்சத்து குறைவது இதெல்லாம் கூடுதல். சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை. இன்னொரு நுணுக்கம்: அங்கே நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மிஷினால் அளந்தார்கள். நம் ஊர் ஓபி கூட்டத்தில் அவசரமாக அளக்கிற 130ம் அங்கே அளந்த 120ம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம்.

இந்தியாவில் 2017ல் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் 140/90க்குக் கீழே என்பதையே இலக்காக வைத்தது. பெரும்பாலானோர் அதையே தொடாமல் இருக்கும்போது 130க்கும் 120க்கும் சண்டை போடுவது எனக்கு ஆடம்பரமாகப் படுகிறது. இது என் தனிக் கருத்து. 55 வயதில் ஆரோக்கியமாக இருப்பவர் 130க்குக் கீழே போக முடிந்தால் போகட்டும், 85 வயதுப் பாட்டியைத் துரத்தித் துரத்தி 120க்கு இறக்க வேண்டாம்.

20 மே 2025, இரவு 9.20

கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து இல்லை சார். கூட்டு மாத்திரையில் ஒரு எழுத்தை மாற்றி விலையை இரண்டு மடங்காக்கிக் கொண்டுவருகிற பிரதிநிதிகளை உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும்.

22 மே 2025, மதியம் 3.15

நிறையப் பேர் மாத்திரையை விடுவதற்குக் காரணம் மச்சான்கள் மட்டும் இல்லை. போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள், பூக்கட்டுகிறவர்கள். கையில் புதுச் சீட்டு, நீர் பிரிகிற மாத்திரை எழுதியிருந்தது. எதற்கம்மா என்றேன். "கால் வீங்குது" என்று புடவையைச் சற்றே தூக்கிக் காட்டினார்கள். கொலுசைக் கழற்றி வைத்திருந்தார்கள், ஆனால் அது இருந்த இடத்தில் வளையம் மாதிரி ஆழமாகத் தடம். பழைய சீட்டைக் கேட்டேன். அம்லோடிபின் 10 மி.கி.

அம்லோடிபின் நல்ல மருந்து, மலிவு, பலரும் தொடங்குவது அதில்தான். ஆனால் 10க்குப் போனால் கணிசமான பேருக்குக் கணுக்கால் வீங்கும். அது உடம்பில் நீர் தேங்குவதால் வருகிற வீக்கம் இல்லை, ரத்தக்குழாய் விரிவதால் கசிவது. அதனால் நீர் மாத்திரைக்கு அது பெரிதாகக் கேட்காது. ஒரு மருந்தின் பின்விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பின்விளைவுக்கு மூன்றாவது என்று சீட்டு நீண்டுகொண்டே போவது இப்படித்தான். 'எழுதியவரிடமே திரும்பப் போய், இந்த மாத்திரையால் இருக்குமா என்று மட்டும் கேளுங்கள்' என்று அனுப்பினேன். 5க்குக் குறைத்து டெல்மிசார்டன் சேர்த்துக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது.

என்லாப்ரில், ராமிப்ரிலுக்கு வறட்டு இருமல். இருமல் டானிக் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள், மாத்திரையை மாற்றினால் சில வாரத்தில் போய்விடும். பீட்டா பிளாக்கர், குளோனிடின் வகையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, பிரஷர் எகிறும். எந்தத் தொந்தரவானாலும் நீங்களாக நிறுத்தாமல் சொல்லி மாற்றுங்கள். வகை வகையாக மாத்திரை இருக்கிறது.

22 மே 2025, மதியம் 3.30

கர்ப்பிணிகள், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள்: டெல்மிசார்டன், என்லாப்ரில் குடும்பம் கருவுக்கு ஆகாது. முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கென்று வேறு மருந்து உண்டு. ஐந்து மாதத்துக்கு மேல் கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலைவலியைச் சும்மா விடக் கூடாத இடம் இது.

26 மே 2025, காலை 7.05

காலையா ராத்திரியா? 2019ல் ஸ்பெயினிலிருந்து ஒரு ஆய்வு, ராத்திரி போட்டால் அபாரப் பலன் என்றது. எல்லோரும் ராத்திரிக்கு மாறினார்கள். 2022ல் பிரிட்டனில் 21 ஆயிரம் பேரை வைத்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடாதீர்கள்.

3 ஜூன் 2025, இரவு 10.00

கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை. மே, ஜூனில் பெரியவர்கள் "தலை சுத்துது, பிரஷர் ஏறிடுச்சு போல" என்று இன்னொரு மாத்திரை கேட்கிறார்கள். அளந்தால் 104, 108. வெயிலில் ரத்தக்குழாய் விரியும், வேர்வையில் உப்பும் நீரும் போகும், பிரஷர் இறங்கும். நீர் மாத்திரை, அதிலும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போடுகிற வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்து குழப்பமாகப் பேசுவதுகூட உண்டு. மார்கழியில் அதே ஆளுக்குப் பிரஷர் ஏறும். அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் டாக்டர் பருவத்துக்கேற்ப மாத்திரையைக் கூட்டிக் குறைக்க முடியும்.

4 ஜூன் 2025, காலை 8.10

செலவு பற்றிக் கேட்டவருக்கு. என் வியாபாரத்துக்கு ஆகாத யோசனைதான், பரவாயில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் கட்டைப் பையோடு வருவார், எந்த வீட்டில் யார் மாத்திரையை மிச்சம் வைக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அட்டையை வாங்கிப் பார்த்து 'ஏன் தாத்தா இது அப்படியே இருக்கு?' என்று கேட்பார். என் கடையில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. விலைக்கு வாங்குவதென்றாலும் மலிவு விலைக் கடைகளான ஜன் அவுஷதி, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம் இரண்டும் இருக்கின்றன. அதே மருந்துதான்.

9 ஜூன் 2025, காலை 6.30

நேற்று ராத்திரி ஒருவர் போன் செய்தார். அப்பாவுக்கு 196/108, நெஞ்சுவலி எதுவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் 'நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்து விடு' என்கிறாராம். வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே செய்தார்கள். பிரஷர் சடாரென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைப் பார்த்து, 1990களிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கம் மட்டும் வாய்வழியாக இன்னும் நடமாடுகிறது. விசாரித்தால் அப்பா மூன்று நாளாக மாத்திரை போடவில்லை, கல்யாண வீட்டுக்குப் போனவர் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். எழுதிக் கொடுத்த மாத்திரையையே போட வைத்து, அமைதியாகப் படுக்க வைத்து, மறுபடி அளக்கச் சொன்னேன். காலையில் 162. இன்றைக்கு டாக்டரிடம் போகிறார்கள்.

21 ஜூன் 2025, மாலை 4.40

'பேரையூர் அக்கா' கேட்டது: அம்மாவுக்கு 78 வயது, உட்கார்ந்து அளந்தால் 148, ஆனால் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா?

எண்ணை மட்டும் பார்த்து நீங்களாக இரண்டையும் செய்யாதீர்கள் அக்கா. அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆளை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை அளங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதுதான் சுவரைப் பிடிக்க வைக்கிறது. தூக்க மாத்திரை, மனநல மாத்திரை, நீர் மாத்திரை எல்லாமே இதற்குக் காரணமாகலாம். அதனால் பிரஷர் மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்காமல், அம்மா போடுகிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கால்வலி மாத்திரை உட்பட. அதுவரை விடியற்காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்திலேயே ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும், பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வையுங்கள். படுத்த அளவு, நின்ற அளவு இரண்டையும் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். 148 மட்டும் சொன்னால் அவர் கூட்டித்தான் எழுதுவார்.